சூளையில் சுட்ட ஈசல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் எறும்பைப் பற்றி எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

ஸ்கூலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் படித்துச் சென்னைக்குப் போனான். மண்ணிலும் கல்லிலும் பதிந்துபோன பழங்காலத்து எறும்புகளை ஆராய்கிற படிப்பு. லீவில் வந்தபோது ஜங்ஷன் டீக்கடையில் விளக்கினான். உடம்பு நசுங்கிப் போனாலும் இறக்கை மிஞ்சுமாம். ஈசல் இறக்கையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும்; எறும்பு இறக்கையில் ஒன்றோடொன்று கூடி அறை கட்டும். அந்த அறைகளை வைத்தே இன்ன எறும்பு என்று சொல்லலாம்.

"அப்ப வூட்ல எத்தன ரூமுன்னு பாத்தே ஆளச் சொல்லிடுவ" என்றேன். சிரித்தான்.

எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. களிமண் கட்டிகளை உடைத்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் பறந்தது. ஒன்றைப் பிடித்து ஈர மண்ணில் அழுத்தி, பொம்மைகளோடு சூளையில் வைத்துச் சுட்டேன். ஓரத்தை உடைத்துச் சேறு பூசி, கிணறு வெட்டும்போது கிடைத்த பழங்காலத்து எறும்பென்று அவனுக்குப் பார்சல் அனுப்பினேன். பார்த்ததுமே கண்டுபிடித்துத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

அவன் பார்க்கவே இல்லை. நான் அனுப்பியதாயிற்றே என்று நம்பி, பிரித்த கையோடு பேராசிரியரிடம் நீட்டிவிட்டான். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, சூளையில் சுட்ட ஈசல் என்று சொன்னதும் வகுப்பே சிரித்திருக்கிறது. போனில் ஒன்றுதான் கேட்டான்: "ஏன்டா, வெளையாட வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?"

அதோடு என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

கிண்டல் பண்ண ஊரில் ஆளா இல்லை? எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பதிலுக்கு வாரிவிட ஒருத்தரும் இல்லை. பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கும் அக்காகூட, "என்னாப்பா, வாயில மண்ணு அடைச்சிக்கிச்சா?" என்று கேட்டுப் பார்த்தது. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு கட்டி உடைக்கப் போனேன்.

ஆறு மாதம் கழித்து, கம்மாபுரம் பக்கமிருந்து வந்த ஒரு களிமண் கட்டி சுத்தியல் பட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே நகத்தளவில் பழுப்பாக ஓர் இறக்கை. நரம்புகள் அறை கட்டியிருந்தன. மூன்று முறை எண்ணினேன். திரும்பிப் பார்த்தேன், சொல்வதற்கு யாருமில்லை.

கட்டியைத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். ஒவ்வொரு நரம்பாகப் பார்த்துப் பார்த்துத் தாளில் வரைந்து, அவனுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. 'சத்தியமாக இதை நான் செய்யவில்லை' என்று மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரே வரி:

"சூளையில வெச்சித் தொலைக்காத, ஞாயித்துக்கெழம வண்டிக்கு வரேன்."