கழுத்து நரம்பைப் பார்த்தவர்

கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் அறைக்கே வந்து சொன்னார். "நம்ம முனிரத்தினம் டாக்டரு காலையில போயிட்டாருங்க. மூணு நாள் காய்ச்சல்." வரிசையில் ஒன்பது நோயாளிகள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் புறப்பட்டேன். அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார் என்பது கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்.

ஓசூர்ப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து வருடம் நாங்கள் இருவரும்தான் டாக்டர்கள். நானெல்லாம் இதயம் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுகிறவன். அவருக்கோ இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள நேரத்தின் மேல்தான் கண். "சுருங்கறத நாடி சொல்லிடும். விரியுதான்னு கழுத்து நரம்புதான் சொல்லணும்" என்பார். இதயத்தின் கீழறைகள் தளர்ந்து விரியும்போது இரத்தம் உள்ளே இறங்கும். அந்த இறக்கம் கழுத்தில் தெரியும். அதை அளக்க, பழைய கிராமபோன் பெட்டியின் சுருள்வில்லைக் கழற்றி ஓர் உருளையைச் சுழலவிட்டார். உருளையில் விளக்குக் கரி பிடித்த தாள். கழுத்தில் வைத்த சின்னக் கிண்ணத்திலிருந்து ரப்பர் குழாய், அதன் முனையில் துடைப்பக் குச்சி. நரம்பின் அசைவைக் குச்சி கரியில் கோடாகக் கீறும். "இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேலி செய்வேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நிதானம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பேரிகையிலிருந்து பசப்பா என்ற கூலியாள் வந்தார். வயிறு பானையாக, கால் வீங்கி. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. குடிக்கிறவர்கள் எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குப் போய்வருவார்கள். வீங்கின வயிற்றைக் கண்டால் 'எல்லை தாண்டினவன்' என்று முடிவு கட்டிவிடுவது எங்கள் வழக்கம். "நான் அதத் தொட்டதே இல்லீங்க சாமி" என்று அவர் சொல்லச் சொல்ல, நோய்ச்சீட்டில் 'குடியால் வந்த ஈரல் நோய்' என்று எழுதினேன். கூட வந்தவர்கள் காதுபடச் சொல்லவும் செய்தேன். ஒரே வாரத்தில் பண்ணைக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மனைவி ஜவளகிரியிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

முனிரத்தினம் அவரைச் சாய்த்து உட்காரவைத்து அரைமணி நேரம் கழுத்தையே பார்த்தார். மூச்சை இழுக்கும்போது தணிய வேண்டிய நரம்பு புடைத்தது. தாளில் கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து, அதே வேகத்தில் எழும்பி, பிறகு மட்டமாக ஓடியது. "பாருங்க, விரிய ஆரம்பிக்குது, கொஞ்சம் ரத்தம் போகுது, அதுக்கப்புறம் இடமில்ல. மேல இருக்கற உறை தடிச்சுப் போய் இதயத்தை இறுக்கிப் புடிச்சிருக்கு. ஈரல் அதுக்கப்புறம் வீங்குனது." பழைய காசநோயின் வேலையாக இருக்கலாம் என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். கடைசியில் நோய்ச்சீட்டில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். வெட்கத்தை மறைக்க, "அந்த ஆள் சொன்னதை நீங்க ஒருத்தர்தான் நம்புனீங்க" என்றேன்.

"நானும் நம்பல. கழுத்தைப் பார்த்தேன்" என்றார்.

லீவு போட்டு, பசப்பாவைச் சாமல்பட்டி ஸ்டேஷன் வரை கூட்டிப்போய், சென்னைக்கு ரயிலேற்றி, கூடவே போனவரும் அவர்தான். புறப்படும்போது கேட்டார். "சீட்டுல அடிச்சுட்டீங்க, சரி. அவர் சம்சாரத்துகிட்ட யார் சொல்றது?" "குணமாகி வந்தா அவங்களுக்கே தெரியுமே" என்று தட்டிக்கழித்தேன். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சென்னையில் மார்பைத் திறந்து உறையை உரித்தெடுத்தார்கள். பசப்பா நடந்து ஊர் திரும்பினார். அடுத்த வருடம் முனிரத்தினம் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிப் போனார்.

அடக்கத்துக்குப் பசப்பாவும் வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். வீட்டில் சௌக்கியமா என்று கேட்டுவைத்தேன்.

"ஊடு எங்கீங்க இருக்குது? அவ திரும்பி வரவே இல்ல. மெட்ராசுல குடிக்க உடாம வெச்சிருந்தாங்க, அதான் வயிறு வத்திப் போச்சுங்கறா. ஊரும் அதத்தான் சொல்லுது. நம்ம டாக்டரு ரெண்டு தடவ ஜவளகிரிக்கே போயி எடுத்துச் சொன்னாருங்க. 'எழுதுன டாக்டரு வந்து சொல்லட்டும், நம்பறேன்'னுட்டா."

இரண்டு முறை போனதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. "அப்பவே என்கிட்ட வந்திருக்கலாமே" என்றேன்.

"வர்றேன்னுதான் சொன்னேனுங்க. அவருதான் வேணாம்னாரு. 'நீ போய்க் கூப்புடாத, அவரே வருவாரு'ன்னாரு."

அவர் அப்படிச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. எதையும் பார்க்காமல் நம்பாத மனிதர் என்னை மட்டும் அப்படி நம்பியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. நாளைக் காலை ஜவளகிரி பஸ்ஸில் பசப்பாவோடு நானும் போகிறேன்.