சத்து மாத்திரை மட்டும்தான்

மூன்று வருஷத்துக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த வாரம். காம்பாரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு நுரையீரலில் கிருமி ஏறிவிட்டது. மூச்சுக்குக் குழாய் போட்டு, ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓடினேன்.

வாசலில் அவள் புருஷனும் மாமியாரும் நின்றிருந்தார்கள். மருந்துப் பிரிவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் தாளோடு வந்தாள்.

"அக்கா, இவங்க வீட்டுல என்ன மருந்து சாப்பிடுறாங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நாங்க போடுறதோட சேராம போயிடும்."

தங்கைக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. கல்யாணம் பேசும்போது மறைத்துவிட்டோம். மறைக்கச் சொன்னதே நான்தான். மாத்திரைகளை வைட்டமின் போத்தலில் போட்டு, மாதாமாதம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவளும் தவறாமல் சாப்பிட்டதால் நாலு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் இல்லலா. சத்து மாத்திரை மட்டும்தான்" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள். தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே பாதி வழி போனேன். திரும்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வலிப்பு வந்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. மாத்திரை நின்றுபோனது போதாதென்று, உடம்பில் மிச்சமிருந்த வலிப்பு மருந்தின் அளவையும் கிருமிக்குப் போட்ட ஊசி குறைத்துவிட்டதாம்.

"நேத்தே சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்போம் கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தங்கை பிழைத்தாள். ஆனால் பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், இன்று சொந்த மகளின் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறாள். யாருக்குப் பயந்து வாயை மூடினேனோ, அந்த மாமியார்தான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அவள் புருஷன் ஒரே ஒரு முறை கேட்டார்: "தெரிஞ்சிருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன்னா நெனச்சீங்க, அக்கா?"

அன்று அந்த வாசலில், தங்கை உயிரைவிட என் பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. காம்பார் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.