சொல்லாமல் உறைந்த இரத்தம்

எங்கள் தாய்பின் வட்டாரத்தில், உறையவைத்த வாத்து இரத்தம் கிண்ணத்தில் வராமல் திவசப் பந்தி நகராது. அதை உறையவைப்பதில் சமையல்காரர் கியெமை மிஞ்ச ஆள் கிடையாது. தலைநகர் ஹனோயிலிருந்துகூடத் தேடி வருவார்கள். ஒருமுறை அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்ட, நான்கு பேர் தட்டியும் இரத்தம் விழவில்லை, கிண்ணம்தான் உடைந்தது. மிச்சத்தைப் படகோட்டி ஒருவன் வாங்கிப்போய்ப் படகின் ஓட்டையை அடைத்தான். இன்றும் ஓடுகிறது. நம்பாதவர்கள் ஏறிப் பார்க்கலாம்.

அந்தக் கியெமுக்கு இடது கால் வாழைமரமாக வீங்கியது. மனைவி தொவா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் தியெப் சின்னப் பெண். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பெரியப்பா, நுரையீரல்ல புற்றுக்கட்டி இருக்கு. அதுக்கு வைத்தியம் தனியா பாப்போம். அந்தக் கட்டியால ரத்தம் கண்ட இடத்துல உறையுது. கால்ல உறைஞ்சது கழண்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க தினமும் வயித்துல ஊசி போட்டுக்கணும்."

மூங்கில் புகைக்குழாய்க்கு வாயை வாடகைக்கு விட்டிருந்த மனிதர், கட்டி என்றதும் வெளுத்துப்போனார். உறைகிறது என்றதும் முகம் மலர்ந்தது.

"கெட்டியா உறைஞ்சிருக்காம்மா?"

"ரொம்பக் கெட்டி."

"பாத்தியாடி," என்று தொவா பக்கம் திரும்பினார். "என் கைவாகு ஒடம்புக்குள்ளயும் எறங்கியிருக்கு. உறையாத ரத்தத்தோட நான் ஊருக்குள்ள எப்படி நடப்பேன்? ஊசி வேணாம்."

டாக்டர் கெஞ்சினாள். அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தொவா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "ஏய்யா, வாத்தை அறுத்ததும் கிண்ணத்துல மொதல்ல என்ன ஊத்துவ?"

"மீன்சாறு."

"எதுக்கு?"

"அவசரப்பட்டு உறையாம இருக்க. நான் சொல்றப்பதான் உறையணும்."

"விருந்தாளி வர்றதுக்குள்ள தானா உறைஞ்சா?"

"அது கத்துக்குட்டி வேலை."

"உன் ரத்தம் உன்னைக் கேட்டா உறைஞ்சுது? இரு, சந்தையில சொல்றேன். கியெம் கைக்கு இப்ப ரத்தம் அடங்குறதில்லையாம்னு."

 கியெம் சட்டையைத் தூக்கினார்.

"போடும்மா உன் மீன்சாறை. கஞ்சத்தனம் பண்ணாத."

ஊசி போடப்போட வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் சவரம் செய்யும்போது தாடையைக் கீறிக்கொண்டார். துணியோடு ஓடிவந்த தொவாவை விலக்கிவிட்டு, இரத்தம் வழிகிற அந்தக் கோலத்தோடே சந்தைக்குப் போனார். மீன்காரியிடமும் சைக்கிள் கடைக்காரரிடமும் தாடையை நீட்டினார்.

"நல்லா பாரு. உறையலை. நான் இன்னும் சொல்லலை."