கூட்டத்தில் பேசாதவர்கள்

விவசாயம் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தலைமைத்துவம் கற்பிப்பவள் நான். இதைச் சொல்லவே இப்போது நாக்குக் கூசுகிறது.

சென்ற சிறுபோக நெற்பருவத்தில் மூன்றாம் வருட மாணவி ஒருத்தியைக் களப்பயிற்சிக்காக ஒரு வயல் வட்டைக்கு அனுப்பியிருந்தேன். பொத்துவில் பிள்ளை, கடலுக்குப் போகிறவரின் மகள். குளத்தில் தண்ணீர் குறைவு. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் கூட்டத்தை நடத்த, தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை அவளுக்கு இடம் கொடுத்தார். மதிப்பெண் போட நானும் பின்வரிசையில் இருந்தேன்.

முன்வரிசையில் பெரிய நிலக்காரரான போடியார். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலெல்லாம் அவருடையது. மேலிருந்து கீழாக முறை வைப்போம் என்றாள் அவள். பிறகு நான் படிப்பித்தபடியே கேட்டாள்: "ஆருக்கும் மறுப்பு இரிக்கா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏகமனதாக முடிவு என்று எழுதினாள்.

கூட்டம் கலைந்ததும் கடைமடைக்காரர் ஒருவர் அவளிடம் வந்தார். குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்பவர்.

"மகள், போடியார் மடையப் பூட்ட மாட்டார். நம்மட வயலுக்குத் தண்ணி வந்து சேரா."

"மாமா, அதக் கூட்டத்துல சொல்லியிருக்கணுமே?"

"அங்க எப்பிடி மகள் சொல்ற?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். கூட்டம் முடிந்த பிறகு வரும் கதையை எடுக்கக் கூடாது, எடுத்தால் முடிவுக்கு மதிப்பில்லை என்று வகுப்பில் அடித்துச் சொன்னவள் நான். என் வாப்பாவும் குத்தகைக்குச் செய்தவர்தான். போடியார் முன்னால் ஊமை. தேத்தண்ணிக் கடைக்கு வந்த பிறகுதான் அவருக்குக் குரல் வரும். எங்கள் பக்கத்தில் உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையசைத்தேன். அன்று வகுப்பிலேயே கூடிய மதிப்பெண் அவளுக்குத்தான்.

கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தில் அந்த இரண்டு ஏக்கருக்கும் தண்ணீர் போகவில்லை. கதிர் வந்தது, உள்ளே அரிசியில்லை. எல்லாம் சப்பி. அந்த மனிதர் முறைப்பாடு எழுதிக்கொண்டு எங்கள் பீடத்துக்கே வந்துவிட்டார்.

விசாரித்த அன்று துறைத்தலைவர் அவளிடம் மிகவும் அமைதியாகத்தான் கேட்டார். "அவர் வந்து சொல்லியும் நீங்க ஏன் முடிவ மாத்தல்ல?"

அவள் எழுந்து நின்றாள். நான் மறித்தேன் என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றும், சொல்லிவிடக் கூடாதே என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

"என்ட பிழை சேர்," என்றாள்.

எனக்கு வாயில் கொழுக்கட்டை. அந்த மாதம்தான் என் பதவியுயர்வு விண்ணப்பம் அதே தலைவரின் மேசையில் இருந்தது. பயந்தேன், வேறொன்றுமில்லை. களப்பயிற்சியை அவள் திரும்பவும் செய்ய வேண்டும் என்று முடிவானது. அதாவது, ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம். பொத்துவிலில் தன் வாப்பாவிடம் அவள் இதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் அறை வாசலில் வந்து நின்றாள். கோபம் இருக்கும், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மிஸ், சனிக்கிழம அந்த மாமாட ஊட்ட போறன். மன்னிப்புக் கேக்கணும். தனியப் போக ஒரு மாதிரியா இரிக்கி. நீங்களும் வாறீங்களா?"

"சனிக்கிழம எனக்கு வகுப்பு இரிக்கே புள்ள," என்றேன்.

சனிக்கிழமைகளில் எனக்கு வகுப்பே இல்லை. என்னிடம் மூன்று வருடம் படித்தவளுக்கு அது தெரியாதா?

"ஓம் மிஸ்," என்று சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.