அக்கா கை எட்டிய உயரம்

சென்ற வாரம் ஈப்போவில் வீட்டுச் சுவருக்கு அடிக்கச் சாயம் வாங்கப் போனேன். சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "வெத்தலைக்கா அக்கா?" என்றார் கடைக்காரர். எனக்குச் சுண்ணாம்பு என்றால் வெற்றிலை நினைவு வருவதில்லை, ஒரு மலைதான் நினைவுக்கு வரும்.

எண்பதுகளில் இதே ஊரில் தட்டச்சு வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரபுப் பாதுகாப்புச் சங்கத்தோடு மலை, குகை என்று சுற்றுவேன். மரபின் மேல் அப்படியொன்றும் பக்தி இல்லை. நடை முடிந்ததும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு தருவார்கள். சங்கத் தலைவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு அப்போது ஒரே கவலை. ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்பு மலையை வெடிவைத்து உடைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. மலையடிக் குகையில் ஆதிமனிதர் வரைந்த சிவப்பு ஓவியங்கள் இருந்தன. தொல்பொருள் துறை அதிகாரி வந்து அவற்றைப் பார்த்துவிட்டால் மலை பிழைக்கும்.

அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்து ரப்பர் மரம் சீவும் மரியா அக்காவை எங்களுக்குத் தெரியும். "பெரிய ஆபீசர் வாறார், குகையைக் கொஞ்சம் துப்புரவாக்கி வையுங்கோ" என்று தலைவர் அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். தோட்டத்தில் பெரிய ஆள் வருகிறார் என்றால் செய்வது ஒன்றுதான்: சுண்ணாம்பு அடிப்பது. துரை வந்தாலே கால்வாய், கல், மரத்தூர் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குகைச் சுவர் பளிச்சென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது.

"எப்படிலா இருக்கு? ஏதோ செவப்பா கிறுக்கிக் கெடந்துச்சு, அதையும் மூடிட்டோம்" என்றார் அக்கா பெருமையாக.

தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் போச்சுது, பிள்ளை" என்றார் என்னிடம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். அக்காவின் கை எட்டாத உயரத்தில் ஒரே ஒரு மான் சிவப்பாக நின்றது. அது போதும் என்றார். மலை பிழைத்தது.

அன்று அக்காதான் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கினார். "பாதுகாக்கணும்னு மலைக்குப் பலகை வைக்கப் போறீங்க. எங்க லயத்துக்கும் ஒண்ணு வைங்களேன்லா" என்றார். எல்லாரும் சிரித்தோம். வாய் நிறைய நாசி லெமாக்கோடு நானும் சிரித்தேன்.

சில ஆண்டுகளில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். அக்கா கமுந்திங் ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதாகக் கேள்வி.

சாயம் வாங்காமலே கடையிலிருந்து நேராக அந்தக் குகைக்குப் போனேன். "தொடாதீர்கள்" என்ற பலகையோடு மான் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே அக்கா அடித்த சுண்ணாம்பும் உதிராமல் இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஆட்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை.