கௌசி விட்டுவிட்டு வந்த கணக்குகள்

போன ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன்... காலிங் பெல். கீழ் வீட்டுச் செல்வி, பத்தாவது படிக்கும் மகள் கௌசியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இவளை என்னான்னு நீங்களே கேளுங்க்கா. கேட்டுக் கேட்டு எனக்கு வாயே வலிச்சுப்போச்சு."

செல்வி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள். மகள் இன்ஜினீயர் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சொன்னதில் தப்பில்லை. சேலம் டவுனுக்கு நடுவே, நெரிசலான அந்த அரசுப் பள்ளியில் கணக்கில் எப்போதும் கௌசிதான் ஃபர்ஸ்ட். அரையாண்டில் வாங்கியிருப்பதோ முப்பத்தெட்டு! பப்ளிக்கிலும் இப்படியே வாங்கினால் ப்ளஸ் ஒன்னில் கணக்கு குரூப் கிடைக்காது.

காதலா? செல்போனா? என் புத்தி வழக்கம்போல அங்கேதான் போனது. செல்வியை மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுத்துவர அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"என்ன சாமி, கணக்கு தெரியலையா?"

"தெரியுங்க ஆண்ட்டி. தெரிஞ்சேதான் விட்டுட்டு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

விஷயம் இதுதான். அவர்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் குரூப் லீடர். மற்றவர்கள் அவளிடம் பாடம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவர் பெயரை அவள் போர்டில் எழுத வேண்டும். எழுதினால், டீச்சர் வெயிலில் முட்டி போட வைப்பார். அத்தனை பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிற டீச்சருக்கு இது வசதி. லீடருக்கு?

"என் ஃப்ரெண்டு பேரை ஒருநாள் எழுதிட்டேன் ஆண்ட்டி. அவளுக்கு முட்டியில ரத்தமே வந்துருச்சு. அன்னியிலருந்து ஒருத்தரும் பேசல. 'சி.ஐ.டி வர்றாடி'ம்பாங்க. சோறு திங்க உக்காந்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. மார்க் குறைஞ்சா லீடரை மாத்திருவாங்கல்ல..."

"மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க! இப்ப எல்லாரும் பேசறாங்க ஆண்ட்டி."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. படி, படி என்று நாமே பிள்ளையை மேலே ஏற்றுகிறோம். ஏறினதும் கையில் பிரம்பைக் கொடுத்து, கூடப் படிக்கிறவர்களைக் காட்டிக்கொடு என்கிறோம். அப்புறம், ஏன் இறங்கிவிட்டாய் என்று அவளையே கேட்கிறோம். நல்ல நியாயம் போங்கள்!

"டீச்சர்கிட்ட நான் வந்து பேசட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க ஆண்ட்டி! மறுபடியும் போட்டுக் குடுத்துட்டான்னு சொல்லுவாங்க." கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு என்னை என்னவோ செய்துவிட்டது.

"சரி, விடு. பப்ளிக் எக்ஸாம் பேப்பரை வேற எங்கியோதான் திருத்துவாங்க. யாரு எழுதினதுன்னுகூடத் தெரியாது. அதுலயாவது முழுசா எழுது சாமி."

யோசித்தாள். ஒரு நிமிஷம் முகம் தெளிந்தது. பிறகு மறுபடியும் வாடிப்போனது.

"ரிசல்ட் வந்ததும் ஸ்கூல் கேட்டுல ஃப்ளெக்ஸ் வெப்பாங்களே ஆண்ட்டி... என் போட்டோ போட்டு? ப்ளஸ் ஒன்னும் அவங்களோடதான படிக்கணும்?"

அதற்குள் செல்வி துணிகளோடு இறங்கி வந்துவிட்டாள்.

"என்னங்க்கா சொல்றா? ஃபெயிலாயிருவோம்னு பயப்படறாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஃபர்ஸ்ட் வந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என்பதை, பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?