சாமியார் பங்களாவுக்குச் சாப்பாடு

எங்கள் வீட்டில் சந்தேகத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. பால்காரர் மேல் சந்தேகம், மீன் தரகர் மேல் சந்தேகம், அக்கா பாவாடையை இஸ்திரி போட்டால் அதிலும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அத்தனையும் தப்பாமல் தவறான வாசலில் போய் நின்றது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் விசேஷம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டிவியைப் போட்டால், எங்கோ வெளியூரில் ஒரு பாதிரியாரைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறது. முகத்தில் துண்டு. ஒரு சிறுமியிடம் முறைதவறி நடந்துகொண்டாராம். எந்தச் சபை என்று மட்டும் செய்தியில் சொல்லவில்லை. அப்பாவுக்கும் மாமாவுக்கும் அது போதுமானதாக இருந்தது.

அப்பா கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தார். நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆர்.சி. கத்தோலிக்கர்கள். மாமா, அத்தையைக் காதலித்துக் கட்டிய உடன்குடிக்காரர், சீர்திருத்த சபை. கையோடு கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சண்டைக்கு உட்காருவது அவர் வழக்கம்.

"கல்யாணமே வேண்டாம்னு இருந்தா இப்படித்தான் மச்சான் ஆவும். எங்க ஐயருக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு," என்றார் மாமா. அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள்.

"இவன் கழுத்துல சிலுவை இருக்கான்னு பாரும். நம்ம சாமிமாரு இப்படிச் செய்ய மாட்டாவ, மாப்ள," என்றார் அப்பா.

துண்டு போட்ட அந்த ஆளை ஆளுக்கொரு கோயிலுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா, அப்பாவின் கட்சி. மாமாவின் சபையில் நடக்கும் கோடை விடுமுறை வேதப்பள்ளிக்கு இனி எங்களை அனுப்புவதில்லை என்று அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். அங்கே ஐயரின் மனைவிதான் பாட்டுச் சொல்லித்தருவார், பிஸ்கட் கொடுப்பார். அந்தப் பிஸ்கட் மேலும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அம்மா கேரியரில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம் சாமியார் பங்களாவில், அதாவது எங்கள் கோயில் பாதிரியார் வீட்டில், சமையல்காரருக்கு லீவு. தெருவில் முறைவைத்து வீட்டுக்கு வீடு சாப்பாடு போகும். சீலா மீனில் நடுத்துண்டு சாமியாருக்கு. அதை வீட்டின் பெண்பிள்ளை கொண்டுபோனால் ஆசீர்வாதம் என்பார்கள். துணைக்கு ஆள் போவதில்லை. யார் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்க யாருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் முறைக்கு எப்போதும் அக்காதான் போவாள். அன்று வயிற்றுவலி என்று படுத்துவிட்டாள். போன முறையும் வயிற்றுவலிதான். வழியில் எவனோ பையன் நிற்கிறான், அதுதான் இந்த நடிப்பு என்று அம்மா கண்டுபிடித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ கொண்டு போளா," என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமியார் கேக் கொடுப்பார் என்பது தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பண்டிகைக் கவுனை மாட்டிக்கொண்டு கேரியரோடு வாசல் தாண்டினேன். பின்னாலேயே ஓடிவந்த அக்கா கேரியரைப் பிடுங்கினாள். தலைகூடச் சீவியிருக்கவில்லை.

"நீ போவாத. இன்னைக்கில்ல, என்னைக்கும் போவாத. நான் போறேன்."

நான் வீடே அதிரும்படி அழுதேன். கேக் என்றதும் வயிற்றுவலி பறந்துவிட்டது பார் என்று அம்மா சிரித்தாள். அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்தாமல் காலை மடக்கி அக்காவுக்கு வழிவிட்டார்கள்.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனபோது ஊரே மாலை போட்டு அழுதது. அவர் தன்னை என்ன செய்தார் என்று அக்கா எங்களிடம் சொன்னது, அவளுக்கு ஒரு மகள் பிறந்த பிறகு. அப்போதும் அப்பா முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டார். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். அக்கா நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கேக்கைக் காகிதம் பிரிக்காமல் என் கையில் வைத்தாள். நான் தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மொத்தத்தையும் தின்று முடித்தேன்.